ஓரகத்தியின் இமைகள்

முதலில் என் கண்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அவளைப் பற்றிச் சொல்லும்போது என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். எனக்குப் பெரிய கண்கள். பள்ளிக்கூட நாடகத்தில் அம்மன் வேஷம் என்றால் வேறு யாரையும் தேட மாட்டார்கள். சுங்கைப்பட்டாணியில் எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு கல்யாணம் என்றால், படம் பிடிக்க வருபவர் என்னைத் தனியாக நிறுத்தி இரண்டு படமாவது எடுக்காமல் போகமாட்டார். இந்தக் கண்களை வைத்துக்கொண்டு, பாதிக் கண் மூடிய ஒருத்தியைப் பார்த்து இருபது வருடத்துக்கு மேல் பொறாமைப்பட்டேன். இப்போது அவள் செர்டாங்கில் இருக்கிறாள். கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை கிடைத்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஆள் தூரம் போனதும் பொறாமையும் போய்விடும் என்று நினைத்தேன். அது பஸ் ஏறவே இல்லை.

அவள் என் கொழுந்தனின் மனைவி, என் ஓரகத்தி. அவளுடைய இரண்டு மேலிமைகளும் தாழ்ந்து கருவிழியில் பாதியை மறைத்திருக்கும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். எதிரில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் புருவத்தை ஏற்றி, மோவாயைத் தூக்கி, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்ப்பாள். விஷயம் தெரியாதவர்களுக்கு, தாங்கள் சொல்வதை ஒரு சொல் சிந்தாமல் உள்ளே வாங்கிக்கொள்கிறாள் என்று தோன்றும். அவளும் அதிகம் பேசமாட்டாள். "ம்... அப்புறம்?" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் வீட்டு வரிசையில் இருந்த அத்தனை பேரும் தங்கள் குடும்பத்தை அவிழ்த்து அவள் முன்னால் கொட்டினார்கள்.

அவளைப் பெண் பார்க்க மெர்போக் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனது நன்றாக நினைவிருக்கிறது. என் மகள் அப்போது கைக்குழந்தை. அவள் காப்பித் தட்டோடு வந்தாள். தட்டைப் பார்க்க வேண்டியிருந்ததால் மோவாய் தாழ்ந்திருந்தது, இமைகள் இரண்டும் முக்கால் பங்கு மூடியிருந்தன. என் மாமியார் அங்கேயே விழுந்துவிட்டார்.

திரும்பி வரும்போது காரில் சொன்னார்: "அடக்கம்னா இதுதான் அடக்கம். ஒரு தடவ நிமிந்து பார்த்துச்சா அந்தப் பொண்ணு?"

"அத்தை, அது அடக்கம் இல்ல. அந்தப் பொண்ணுக்கு இமை மேல தூக்கல" என்றேன் நான்.

"உனக்கு எதையும் நோண்டிப் பார்க்கணும்லா. அதான் கடவுள் இம்மாம் பெரிய கண்ணு குடுத்திருக்காரு."

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன அன்று இதே மாமியார் என்ன சொன்னார் என்று என் கணவர் பிறகு சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, ஆனா மொறைக்குதே" என்றாராம். நான் முறைக்கவில்லை. என் கண் அளவு அப்படி. அவளுக்கு இமையில் குறை, எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவள் அடக்கமான மருமகள் ஆனாள், நான் முறைக்கிற மருமகள் ஆனேன். எனக்கு எப்படி எரியாமல் இருக்கும்?

பக்கத்துப் பக்கத்து வீடுகள் எங்களுடையவை. மாலையானால் மாமியார் கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சின்ன மருமகளைக் கூப்பிடுவார். தன் தம்பி நிலத்தை எப்படி ஏமாற்றி எடுத்துக்கொண்டார் என்ற கதை. எனக்குத் தெரிந்து அது ஒரே கதை, ஒரே தம்பி. அவள் மோவாயைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒருநாள் துணி எடுக்க வந்த நான் உற்றுப் பார்த்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சந்தேகமே இல்லை, லேசாகக் குறட்டைகூட வந்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாய்க்குமா? உடனே சொன்னேன்.

"அத்தை, அவ தூங்குறா. நீங்க யாருகிட்ட பேசிக்கிட்டு இருக்கீங்க?"

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவ தூங்கிக்கிட்டே கேக்குறா. நீ முழிச்சிக்கிட்டே கேக்க மாட்டேங்குற" என்றார். நான் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

தஞ்சோங் டாவாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற மலாய்க்காரர் எனக்கு மீன் மட்டும் விற்பார். அவளுக்கு மீனோடு தன் மருமகன் கதையும் சேர்த்துக் கொடுப்பார். மூன்றாம் வீட்டு அம்மா வாய்க்கு வாய் அவளைத் தங்கம் என்பார். வெளியே என்ன, வீட்டுக்குள்ளேயே பாருங்கள். என் கணவருக்குச் சர்க்கரை நோய் என்பதே அவள் வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று சண்டை போட்டேன்.

"சொல்லணும்னுதான் வந்தேன். உன் கண்ணைப் பார்த்தேன், சரி நாளைக்குச் சொல்லலாம்னு விட்டுட்டேன்" என்றார் அவர். நாளை நாளை என்று ஒரு வருடம் போயிருந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது என் மகள் விஷயம். அவள் பெரிய மனுஷியான செய்தியை முதலில் யாரிடம் சொன்னாள் தெரியுமா? பள்ளியிலிருந்து வந்தவள் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி நேராகச் சித்தி வீட்டுக்குப் போனாள். அரைமணி நேரம் கழித்து ஓரகத்தி வந்து, "அக்கா, நம்ம புள்ள வயசுக்கு வந்துட்டா" என்று என் கையைப் பிடித்துச் சொல்கிறாள். பெற்றவளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து செய்தி வருகிறது. சடங்கு வீட்டில் எல்லாரும் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரகத்தியின் இமைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு தோல் மடிப்புகளில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

அதன் பிறகு எல்லாமே அப்படித்தான் நடந்தது. மகளுக்குப் பரீட்சையில் கணக்கு போனது, குளிமில் தொழிற்சாலை வேலை கிடைத்தது, தோழியோடு சண்டை, எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டுத்தான் என்னிடம் வரும். எனக்கு உலகத்தில் ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஒரே ஒரு விஷயத்தையாவது என் பிள்ளை முதலில் என்னிடம் வந்து சொல்ல வேண்டும்.

வயது ஏற ஏற அவளுடைய இமைகள் இன்னும் இறங்கின. புருவத்தை ஏற்றி ஏற்றி நெற்றி வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டே இருப்பாள். மோட்டார் ஓட்டும்போது வானத்தைப் பார்த்து ஓட்டுவது போல இருக்கும். ஒருநாள் மேலே தொங்கிய சிவப்பு விளக்கு கண்ணில் படாமல் போய், லாரிக்காரன் ஹாரன் அடித்த அடியில் மோட்டாரோடு லோங்காங்கில் இறங்கினாள். சாக்கடைத் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தவளைப் பார்த்துக் கொழுந்தனே பயந்துவிட்டார். கிளினிக் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், அங்கே இமையைத் தூக்கி வைத்துத் தைக்கலாம் என்றார்கள்.

சொந்தக்காரர்களுக்குச் செய்தி போனதும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "இந்த வயசுல மினுக்கு எதுக்கு? கொரியாக்காரி மாதிரி ஆவணுமா?" என்றாள் ஒரு பெரியம்மா. அவளுக்கு அது ரொம்பவும் குத்திவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் என் அடுப்படிக்கு வந்து நின்றாள். கொழுந்தன் ரத்தத்தைப் பார்த்தாலே சாய்கிற ஆள் என்பதால் துணைக்கு நான்தான் போக வேண்டும் என்று முடிவாகியிருந்தது.

"அக்கா, வெட்டித் தெச்சா கண்ணு அப்படியே தொறந்தே நின்னுடுமா? தூங்கும்போது மூடுமா?"

"மூடும்."

"ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னதுன்னு போயிட்டா?"

"இப்ப மட்டும் ரெண்டும் ஒண்ணாவா இருக்கு?"

"தழும்பு தெரியுமாக்கா? கண்ணுக்கு மேல கோடு போட்ட மாதிரி?"

"மை போட்டா மறைஞ்சிரும்."

"மயக்க ஊசி போடாம, முழிச்சிருக்கும்போதே பண்ணுவாங்களாம். கத்தி வர்றது தெரியுமா?"

எனக்கு என்ன தெரியும்? நான் என்ன டாக்டரா? ஆனால் அவள் கேட்ட விதத்தில் எனக்கே அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது. உடனே அதற்கும் எரிச்சல் வந்தது. பயப்படுவதைக்கூட இவள் எவ்வளவு அழகாகச் செய்கிறாள் பாருங்கள். என் கர்ப்பப்பையை எடுத்தபோது நான் யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை, என்னையும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கண் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. சின்ன அளவுகோலை வைத்து இமை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளந்தார். புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழே பார், மேலே பார் என்றார். அவள் என்னிடம் கேட்டதையெல்லாம் அவரிடமும் மலாயில் கேட்டாள். தழும்பு இமை மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும் என்றார் டாக்டர். இரண்டு கண்ணும் ஓரளவுக்கு ஒத்துவரும், அச்சு எடுத்த மாதிரி ஒன்றாக இருக்கும் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். கொஞ்ச நாளுக்குத் தூங்கும்போது கண் சரியாக மூடாது, காய்ந்துபோகாமல் இருக்க மருந்து போட வேண்டும் என்றார். மரத்துப்போக ஊசி போடுவோம், நடுவில் கண்ணைத் திறந்து மூடச் சொல்லிப் பார்த்துத்தான் உயரத்தைச் சரிசெய்ய முடியும், அதனால் விழித்திருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள், "டாக்டர், இது அழகுக்குப் பண்றதுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

டாக்டர் சிரித்தார். "பார்வைக்குத்தான் செய்கிறோம். ஆனால் அழகாக இருக்க ஆசைப்பட்டாலும் அது குற்றம் இல்லை, அக்கா" என்றார். பார்த்த அரைமணி நேரத்தில் சீன டாக்டரும் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் பக்கத்தில் நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்திருந்தேன்.

இமை முன்பு எப்படி இருந்தது என்று பார்க்கப் பழைய படங்கள் வேண்டும் என்று டாக்டர் கேட்டிருந்தார். அவள் வீட்டு ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டதால் என் ஆல்பத்தில்தான் தேட வேண்டியிருந்தது. எல்லாப் படத்திலும் அவள் மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். எல்லாப் படத்திலும் அவள் மடியில், அவள் தோளில், அவள் பக்கத்தில் என் மகள். ஒவ்வொரு படமாக எடுத்துக்கொடுத்தது நான்தான்.

சிகிச்சை முடிந்து வெளியே கொண்டுவந்தபோது இமைகள் இரண்டும் வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. மருந்து பூசி மினுமினுவென்று இருந்தது. "ரொம்ப வலிச்சுதா?" என்றேன். நிஜமாகவே எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"இல்லக்கா. நடுவுல உக்கார வச்சு கண்ணைத் தொற, மூடுன்னாங்க. பாவம் அந்த டாக்டர். அவங்க அம்மாவுக்கு ஞாபகமே இல்லையாம். மகளையே யாருன்னு கேக்குறாங்களாம்."

வெட்டிக்கொண்டிருந்த டாக்டர்கூட! கையில் கத்தியை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கார்ச் சாவியைத் தேட முடியவில்லை.

அடுத்த நாளிலிருந்து மீன் வர ஆரம்பித்தது. இங்கே உடம்பில் எங்கே வெட்டுப்பட்டாலும் புண் ஆற ஹாருவான் குடிக்க வேண்டும். ஹாருவான் என்பது வேறொன்றுமில்லை, வயல் வாய்க்காலில் கிடைக்கும் விரால் மீன். கால் ஒடிந்தால், பிள்ளை பெற்றால், குடலைக் கிழித்தால் ஹாருவான் சூப் வைத்துக் கொடுப்பார்கள். கண் இமைக்கு யாராவது கொடுப்பார்களா? கொடுத்தார்கள். மீன்காரர் சொல்லிவைத்துப் பிடித்துக் கொண்டுவந்தார். மூன்றாம் வீட்டு அம்மா இஞ்சி தட்டிப் போட்டு, மிளகு போட்டு வைத்தார். எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா ஒரு பாத்திரம். மினுக்கு எதற்கு என்று கேட்ட பெரியம்மாவும் ஒரு பாத்திரம். அவள் குளிர்பெட்டி நிறைந்து, மிச்சம் என் குளிர்பெட்டிக்கு வந்தது. என் வயிற்றையே திறந்து மூடியபோது எனக்கு வந்தது ஒரு டப்பா பிஸ்கட். இதை அவளிடமே சொல்லிக் காட்டினேன்.

"அப்ப நான்தானேக்கா சூப் வச்சுக் குடுத்தேன்" என்றாள்.

ஆமாம், அவள் வைத்துக் கொடுத்தாள். அதை நான் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை.

வீக்கம் வடிந்து தையல் பிரித்ததும் கண் திறந்தது. நன்றாகவே திறந்தது. வலது கண் ஒரு மயிரிழை பெரிதாக இருந்தது, அதைத் தேடிப் பார்க்கிற என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. என் வீட்டுக் கூடத்துக்கு வந்து நின்றவள் அண்ணாந்து பார்த்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக் காத்தாடியில இவ்ளோ தூசியா?"

இருபது வருடமாக வந்துபோகிறவள் அன்றுதான் காத்தாடியைப் பார்க்கிறாள். அலமாரி உச்சி, ஒட்டடை, சாமிப் படத்துக்கு மேலே காய்ந்து தொங்கிய மாலை, எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. "நல்லா பார்த்துக்க, நீயே துடைச்சுட்டுப் போ" என்றேன். சிரித்துக்கொண்டே ஸ்டூலைப் போட்டு ஏறித் துடைத்தாள்.

ஆனால் கொஞ்ச நாளில் வேறொன்றை நான் கவனித்தேன். மீன்காரர் இப்போது அவளுக்கும் மீன் மட்டும் விற்றார். மருமகன் கதையை ஆரம்பிப்பார், அவள் முகத்தைப் பார்ப்பார், "சரி, நாளைக்கு நெத்திலி வரும்" என்று மோட்டாரை எடுத்துவிடுவார். மூன்றாம் வீட்டு அம்மா, "என்னமோ போலீஸ்ல நிக்குற மாதிரி இருக்குலா" என்று என்னிடம் சொன்னார். பழைய பழக்கத்தில் அவள் புருவத்தை வேறு ஏற்றுவாள். திறந்த கண்ணுக்கு மேல் ஏறிய புருவம், நீ சொல்வது பொய் என்று சொல்வது போல இருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இரண்டு பிடி அதிகமாகவே இறங்கியது.

அவளே ஒருநாள் சொன்னாள். "யாரும் என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்கக்கா. டாக்டர்கிட்ட எல்லாத்தையும் கேட்டேன், இதைக் கேக்கலையே." கண்ணில் மருந்தை விட்டுக்கொண்டே, "முன்னல்லாம் எனக்கு வாய் அசையறது மட்டும்தான் தெரியும். இப்ப முழு மூஞ்சியும் தெரியுது. வாய் ஒண்ணு சொல்லுது, கண்ணு வேற சொல்லுது. எனக்கே கேக்க பயமா இருக்கு" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. மருந்தா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் மகள் குளிமிலிருந்து வந்தாள். அவளுக்குப் பரிசம் போட்டு, மண்டபத்துக்கும் சொல்லியாகிவிட்டது. வந்தவள் வழக்கம்போல நேராகச் சித்தி வீட்டுக்குப் போனாள். நான் அடுப்படியில் தட்டில் நெத்திலிக் கருவாட்டைக் கொட்டி வைத்துக்கொண்டு தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். இனி ஒரு மணி நேரத்துக்கு வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் உடனே திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என்ன, சித்தி இல்லையா?"

"இருக்காங்க."

"அப்புறம் என்ன?"

"சித்தி கண்ணு இப்ப உங்க கண்ணு மாதிரியே இருக்கும்மா" என்றாள்.

"நல்லதுதானே? அழகாத்தானே இருக்கு?"

"அழகாத்தான் இருக்கு. சொல்ல வரல."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள், என் கண்ணைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். "ஒண்ணும் இல்லம்மா" என்று எழுந்திருக்கப் போனாள். அம்மன் வேஷம் போட்ட கண், மை தேவைப்படாத கண், என் பிள்ளையின் வாயை அடைக்கிற கண்.

சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன். தட்டிலிருந்த நெத்திலியைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை என்று இமைகளை இறக்கினேன். ஒன்றை எடுத்துத் தலையைக் கிள்ளினேன், வயிற்றைப் பிதுக்கினேன், அடுத்ததை எடுத்தேன். அவள் நின்றாள். பிறகு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"எனக்கு அவரு வேணாம்மா."

மண்டபம், பத்திரிகை, சொந்தக்காரர்கள், மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் ஒரே நேரத்தில் என் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். நிமிர்ந்தால் அத்தனை பேரையும் அவள் பார்த்துவிடுவாள். நான் நிமிரவில்லை. கழுத்து வலித்தது. இமைகள் மேலே போகத் துடித்தன.

"என் போனைப் புடுங்கிப் பார்க்குறாரும்மா. கூட வேலை செய்றவங்க முன்னாடி கத்துறாரு. போன வாரம் கையை ஓங்கிட்டாரு."

என் விரலில் முள் ஏறியது. எடுக்கவில்லை. கேட்க நூறு கேள்வி இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"ம்... அப்புறம்?"

அவள் அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், நான் கேட்காததையும் சொன்னாள். தட்டில் நெத்திலி தீர்ந்துபோய், கிள்ளிய தலைகளை மறுபடி கிளறிக்கொண்டிருந்தேன். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு லேசாகச் சிரித்தாள்.

"சித்தி மாதிரியே கேக்குறீங்கம்மா."